அக்கா மகன் கிட்டாருக்குப் புது பிக்கப் போட்ட மூன்று ஞாயிறு

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் தோளில் கிட்டார் பையோடு கோட்டையூர் வீட்டுக்கு வந்தான். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறான். மதுரையில் ஒருவரிடம் 5,500 ரூபாய்க்குப் பழசாக வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் அது.

"மாமா, மேடையில லைட் செட் போட்டதும் உர்ருனு இரையுது. பிரிட்ஜ் பிக்கப்புல சத்தமே இல்ல. பாத்துக் குடுங்க" என்றான்.

எனக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். காரைக்குடியில் இருபது வருடமாகக் கடை. மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று காயில் கட்டியே பழகிய கை. அதுவரை கிட்டாரைத் திறந்ததில்லை. ஆனாலும் காந்தமும் செம்புக் கம்பிச் சுற்றும் உள்ள சாமான் என்றால் ஓரளவு புரியும் என்ற தைரியத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். முழுதாக மூன்று ஞாயிறு பிடித்தது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, சிக்கிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

பிக்கப் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு கம்பிகளுக்கும் கீழே ஆறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற எனாமல் செம்புக் கம்பி ஏறக்குறைய 8,000 சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும். புலம் ஆடினால் காயிலில் மின்சாரம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்துச் சொன்ன அதே சங்கதி. டைனமோவும் இப்படித்தான் ஓடுகிறது. இதில் உள்ள சிக்கல், அந்தக் காயிலுக்குக் கிட்டார் கம்பி எது, கரண்ட் கம்பி எது என்று தெரியாது. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர், சீரியல் லைட், லைட் டிம்மர் எது இருந்தாலும் அதன் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஒற்றைக் காயில் பிக்கப்பின் பிறவிக் குணம் இது. இதற்காகத்தான் 1955இல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினார். நம் கையில் இருந்ததோ ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மாதிரி கிட்டார். அதில் மூன்று பிக்கப்: கழுத்துப் பக்கம் இருப்பது நெக், நடுவில் மிடில், கம்பிகள் முடியும் பக்கம் பிரிட்ஜ். மூன்றும் ஒற்றைக் காயில்.

திறப்பதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கிட்டார் ஒயரை ஜாக்கில் சொருகி, மறுமுனைப் பின்னின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்தேன். வால்யூமை முழுதாகத் திறந்து, ஐந்து நிலை ஸ்விட்சை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். நெக் பிக்கப் மட்டும் உள்ள நிலையில் 5.7 கிலோ ஓம். நெக்கும் மிடிலும் சேர்ந்த நிலையில் 2.8. இரண்டும் பேரலலாக இணைவதால் பாதியாகக் குறைகிறது, அது சரி. மிடில் தனியாக 5.6. அடுத்து மிடிலும் பிரிட்ஜும் சேர்ந்த நிலை: இங்கேயும் பாதிக்கு வந்திருக்க வேண்டும், ஆனால் அதே 5.6 நின்றது. பிரிட்ஜ் தனியாக 238 கிலோ ஓம். அது பிக்கப்பின் அளவே இல்லை, வால்யூம் கண்ட்ரோலின் அளவு. அதாவது பிரிட்ஜ் காயில் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிட்டது.

இன்னொரு சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் போட்டுவிட்டு, இரைச்சல் கேட்கும்போது கம்பிகளைக் கையால் தொட வேண்டும். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கம்பிகளுக்கு எர்த் போகிறது என்று அர்த்தம். கூடினால் ஜாக்கில் ஒயர் மாறியிருக்கிறது. இந்தக் கிட்டாரில் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். ட்ரெமோலோ ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டில் பற்று வைத்திருந்த, கம்பிகளுக்கு எர்த் கொண்டுபோகும் கறுப்பு ஒயர் விட்டுப்போய், ஸ்பிரிங்குக்குக் கீழே சும்மா கிடந்தது. தகட்டில் ஈயம் ஒட்டியே இருக்கவில்லை. மேலே ஒரு சொட்டாக உட்கார்ந்திருந்து உதிர்ந்திருக்கிறது. அவன் சொன்ன இரைச்சலில் பாதி இந்த ஒரு ஒயரால்தான்.

பிக்கப்பும் கண்ட்ரோல்களும் பூட்டியிருக்கும் முன்பக்கத் தகடான பிக்கார்டைக் கழற்றும் முன்னால் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்தேன். பதினோரு ஸ்க்ரூவையும் அப்பத்தா பாக்கு வைத்திருந்த பனையோலைக் கொட்டானில் போட்டு, திண்ணையில் பழைய போர்வையை விரித்து, கிட்டாரை அதன்மேல் கிடத்தினேன்.

அறுந்த காயிலைப் பிழைக்க வைக்க முடியுமா என்று பார்க்காமல் விட மனம் வரவில்லை. இந்த மாதிரிக் காயிலில் கம்பி பெரும்பாலும் கடைசிச் சுற்று முடிந்து வெளி ஒயரோடு சேரும் இடத்தில்தான் அறும். அப்படியானால் ஒரு சுற்றை உருவி மறுபடி பற்று வைத்தால் போதும். கடைக்கு எடுத்துப்போய் லென்ஸ் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். இந்தக் கம்பி 42 கேஜ், கனம் 0.063 மில்லிமீட்டர். ஃபேன் காயில் கம்பியை இதன் பக்கத்தில் வைத்தால் கயிறு மாதிரி தெரிகிறது. முனையை உருவி மீட்டர் வைத்தேன், வரவில்லை. இருபது சுற்று உருவினேன், வரவில்லை. சுற்றுகளின் பக்கவாட்டில் மிளகளவு இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. வாசிப்பவர் கை வியர்வை உள்ளே இறங்கி, எனாமல் விட்டுப்போன இடத்தில் செம்பைத் தின்றிருக்கிறது. ஒரே இடத்தில் பல சுற்று போன பிறகு ஒட்டுப்போட்டுப் பிரயோசனமில்லை.

காரைக்குடியில் பிக்கப் வாங்கக் கடை கிடைக்கவில்லை. கூரியரில் வரவழைத்தோம், மூன்று சேர்ந்த செட் 2,400 ரூபாய். பழைய பிக்கப்பில் இரும்புத் துண்டுகளும் அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டையும் இருந்தன. புதுசில் ஆறு துண்டுமே அல்னிகோ 5 காந்தம். செராமிக் மட்டம் என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மீட்டரில் நன்றாகக் காட்டிய இரண்டும் காதுக்கும் நன்றாகவே இருந்தன. ஆனால் பிள்ளைக்கு மணி மாதிரிக் கணீரென்ற சத்தம் வேண்டும். அதற்கு அல்னிகோ பொருத்தம். ஆர்டர் போடுமுன் முதல் காந்தத்தின் நடுவிலிருந்து ஆறாவது காந்தத்தின் நடுவரை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது 52 மில்லிமீட்டர். இதை அளக்காமல் வாங்கினால் ஓரக் கம்பிகள் காந்தத்தை விட்டு விலகி நிற்கும்.

கூடவே கண்ட்ரோல்களையும் மாற்றினேன். ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம்தான் வழக்கம். எண்ணுக்கு முன்னால் ஏ என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். பி என்று இருந்தால் வால்யூமைத் திருகும்போது கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் சத்தம் மடமடவென்று இறங்கும். டோனுக்கு 223 என்று அச்சிட்ட கண்டென்சர், அதாவது 0.022 மைக்ரோஃபாரட்.

இரண்டாவது ஞாயிறு முழுக்க ஷீல்டிங்குக்கும், அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறைக்கும், பற்று வைப்புக்கும் போனது. கிட்டார் குழியின் உள்பக்கம் முழுக்கச் செம்புத் தகடு டேப்பை ஒட்டினேன். ஒரு துண்டுமேல் அடுத்த துண்டு அரை அங்குலம் ஏற வேண்டும். பசையின் வழியே மின்சாரம் சரியாகப் போகும் என்று நம்பாமல், ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். பிக்கார்டின் உள்பக்கமும் அதேபோல். இரண்டும் மூடியபின் ஒன்றையொன்று தொடும்படி ஓரத்தில் ஒரு நாக்கு விட்டு ஒட்ட வேண்டும். மீட்டரை பீப் நிலையில் வைத்து, மூலைக்கு மூலை தொட்டுப் பார்த்தேன்.

பற்று வைப்பதில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். ஒயரைக் கண்ட்ரோலின் கால்களில் வைப்பது சுலபம். கண்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயரைப் பிடிக்க வைப்பதுதான் கஷ்டம். அந்த உலோக முதுகு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். 25 வாட் அயர்னால் அழுத்திப் பிடித்து நின்றால், முதுகு காய்வதற்குள் உள்ளே இருக்கும் கரித்தடம் வெந்துவிடும். ஒரு கண்ட்ரோலை அப்படித்தான் கெடுத்தேன், திருகினால் கரகரவென்றது. அப்புறம் கடையிலிருந்து 65 வாட் அயர்னை எடுத்து வந்தேன். முதுகை உப்புத்தாளால் தேய்த்து, மினுமினுப்பான முலாம் போய் உலோகம் தெரியும்வரை விட்டேன். கொஞ்சம் ஃப்ளக்ஸ். அகலமான முனையைப் படுக்கையாக வைத்து, மூன்று எண்ணுவதற்குள் ஈயத்தைத் தொட்டால், அது எண்ணெய்ச் சட்டியில் நெய் உருகிப் பரவுகிற மாதிரி ஓரம் தெரியாமல் ஓட வேண்டும். குண்டாக உருண்டு நின்றால் அது டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்று. ஆறும்வரை ஒயரை ஆட்டக்கூடாது. ஆட்டினால் ஈயம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்துப் போகும், அதை மறுபடி உருக்கத்தான் வேண்டும். அதிகச் சூட்டில் குறைந்த நேரம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், கை தானாக வந்துவிடும்.

ஒயரிங்கை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பிக்கப்புகளின் வெள்ளை ஒயர் மூன்றும் ஸ்விட்சுக்கு, கறுப்பு மூன்றும் வால்யூம் கண்ட்ரோலின் முதுகுக்கு. ஸ்விட்சின் பொதுக் காலிலிருந்து வால்யூமின் ஒரு ஓரக் காலுக்கு. நடுக் காலிலிருந்து ஜாக்கின் நுனிக்கு. மறு ஓரக் காலை மடக்கி அதன் முதுகிலேயே பற்று. டோன் கண்ட்ரோல்களின் முதுகு, ஸ்பிரிங் தகடு, செம்பு டேப், ஜாக்கின் உடம்பு எல்லாவற்றின் எர்த்தும் வால்யூம் முதுகில் வந்து சேர வேண்டும்.

ஸ்பிரிங் தகட்டையும் தேய்த்து, அதே 65 வாட் அயர்னால் பற்று வைத்தேன். இந்த முறை ஒயரை இழுத்துப் பார்த்தேன். தகடே ஆடியது, பற்று ஆடவில்லை.

மூடி, மீட்டர் வைத்தேன். நெக் 5.8, நெக்கும் மிடிலும் 2.9, மிடில் 5.8, மிடிலும் பிரிட்ஜும் 3.0, பிரிட்ஜ் 6.4. கணக்குக்குச் சரியாக வந்தது. பிள்ளை ஆசையாக வாங்கிப் போட்டான். தனித்தனியாக மூன்றும் அருமையாகக் கேட்டன. ஸ்விட்சை இரண்டாம் நிலைக்குத் தள்ளினான். சத்தம் மெலிந்து, ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பேசுவது போல் ஆனது. நாலாம் நிலையும் அப்படியே. இரைச்சல் வேறு அந்த இரண்டிலும் கூடுதல்.

"மீட்டர்ல சரியாத்தான மாமா காட்டுச்சு?" என்றான்.

ஓம் அளவுக்குக் காயிலின் நீளம்தான் தெரியும், எந்தப் பக்கம் சுற்றியது என்று தெரியாது. இந்த செட்டில் மிடில் பிக்கப்பின் காயில் மற்ற இரண்டுக்கும் எதிர்ப்பக்கமாகச் சுற்றப்பட்டது, காந்தமும் தலைகீழ். சுற்றும் திருப்பி, காந்தமும் திருப்பி வைத்தால் கம்பியின் சத்தத்துக்கு இரண்டு திருப்பமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மற்ற பிக்கப்போடு சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தம் ஒரு பொருட்டில்லை. அது சுற்றின் திசையை மட்டும் பார்க்கும். அதனால் இரண்டு காயிலில் எதிரெதிராகப் பிறந்து அழிந்துவிடும். ஹம்பக்கர் செய்கிற வேலை ஸ்விட்சின் இரண்டாம், நாலாம் நிலையில் இலவசமாகக் கிடைக்கிறது. மிடிலின் ஒயரைத் தவறாக மாற்றி வைத்தாலோ எல்லாம் தலைகீழ்: சத்தம் அழியும், இரைச்சல் சேரும். எங்களுக்குக் கேட்டது அதுதான்.

ஊகத்தில் மாற்றாமல் உறுதி செய்துகொண்டேன். மனை பார்க்க வைத்திருந்த திசைகாட்டியை எடுத்து வந்து மூன்று பிக்கப்பின் மேலும் காட்டினேன். நெக்கும் பிரிட்ஜும் முள்ளின் ஒரு முனையை இழுத்தன, மிடில் மறுமுனையை இழுத்தது. காந்தம் சரி. அடுத்து கடையின் பழைய முள் மீட்டர். பிக்கப்பின் வெள்ளையில் பாசிட்டிவ், கறுப்பில் நெகட்டிவ் வைத்து, மிகக் குறைந்த ரேஞ்சில் போட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தில் ஒட்டி வெடுக்கென்று பிடுங்கினால் முள் ஒரு துடி துடிக்கும். மூன்றும் ஒரே பக்கம் துடிக்க வேண்டும். ஒயரைக் கழற்றித் தனியாகப் பார்த்தபோது ஒரே பக்கம்தான் துடித்தன. அப்படியானால் பிக்கப்பில் குறை இல்லை. பற்று வைக்கும்போது மிடிலின் வெள்ளையையும் கறுப்பையும் நான்தான் மாற்றியிருக்கிறேன். அந்தி மங்கிய நேரத்தில், ஃப்ளக்ஸ் பட்டுப் பழுப்பேறிய துணி ஒயர்கள் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன. மாற்றி வைத்தேன். இரண்டாம் நிலையில் வாசித்தான். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டிய மாதிரி கணீரென்றது, இரைச்சல் அடங்கிவிட்டது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிள்ளை கம்பியில் கை வைத்தபடியே, "மாமா, லேசா சுருசுருங்குது" என்றான்.

டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய நகரத்தார் வீட்டின் இரண்டாங்கட்டில். வீட்டுக்காரர்கள் சென்னையில். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் எல்லாம் அப்படியே இருக்கிறது. கூடவே தேக்கு ரீப்பரில் அடித்த பழைய வயரிங்கும், இரண்டு துளை பிளக்கும் அப்படியே இருக்கின்றன. மூன்றாம் துளையே கிடையாது. ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் சொருகி வைத்து ஓட்டியிருக்கிறான். எர்த் இல்லாததால் ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் கசிவு தேங்கி நிற்கிறது. கிட்டார் ஒயரின் வெளிப் பின்னல் வழியாக அந்த உடம்பு கிட்டார் எர்த்தோடு சேர்கிறது. இத்தனை நாள் ஸ்பிரிங் தகட்டின் ஒயர் அறுந்து கிடந்ததால் கம்பிக்கு வரவில்லை. நான் அதைச் சரியாகப் பற்று வைத்த அன்றே கம்பிக்கு வந்துவிட்டது. கிட்டாரில் செய்தது சரியான வேலைதான். வீட்டில் எர்த் இல்லாதவரை அதுவே ஆபத்து.

மேடையில் இது சுருசுருப்போடு நிற்காது. இடது கை கம்பியில் இருக்க, உதடு மைக்கைத் தொட்டால், மைக் நல்ல எர்த்தில் இருந்தால், நெஞ்சு வழியாகப் பாயும். அதனால் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறேன்: மூன்றாவது பின்னை உடைக்காதீர்கள், உடைத்த பிளக்கைப் பயன்படுத்தவும் விடாதீர்கள்.

மூன்றாவது ஞாயிறு கிட்டாரைத் தொடவே இல்லை. வீட்டுக்காரரிடம் போனில் அனுமதி கேட்டு, தெரிந்த எலெக்ட்ரீசியனை வரவழைத்தேன். கிணற்றடியில் ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் குழி அமைத்தார். எங்கள் பக்கம் செம்பூராங்கல் பூமி, கோடையில் ஈரமே நிற்காது. பைப்பின் வாயில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அப்பத்தா துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றுகிறார். அங்கிருந்து முகப்புவரை பச்சை ஒயர் இழுத்து மூன்று துளை பிளக் ஒன்று, மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கர் ஒன்று. சொருகியை எடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை அதில் போட்டோம். டெஸ்டர் எரியவில்லை. இரைச்சலும் இன்னும் ஒரு படி இறங்கியது.

பிக்கப் உயரத்தை ஒரு மணி நேரம் காதால் பார்த்து வைத்தோம். கடைசிக் கட்டையில் கம்பியை அழுத்திப் பிடித்தால் காந்தத்துக்கும் கம்பிக்கும் இடையே மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், கனத்த கம்பிப் பக்கம் கொஞ்சம் கூட. அல்னிகோ காந்தம் கம்பியை இழுக்கும். ரொம்ப ஏற்றிவிட்டால் சுருதி அலைகிறது. மூடுவதற்கு முன், ஒயர் நிறங்களையும் ஐந்து ஓம் அளவுகளையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, குழிக்குள் ஒட்டினேன்.

முளைப்பாரி வாரத்தில் கச்சேரி வந்தது. நானும் போனேன். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லி, கிட்டார் ஆம்ப்ளிஃபயரையும் மிக்சரையும் ஒரே போர்டில் போட வைத்தேன். ஜெனரேட்டர் பக்கத்தில் எர்த் கம்பி அடித்து, தண்ணீர் ஊற்றினார். சீரியல் செட் மொத்தமும் போட்ட பிறகு பிள்ளையின் பக்கம் காதை வைத்தேன். தனி நிலைகளில் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்தது. பாட்டுக்கு நடுவே நாலாம் நிலைக்குத் தள்ளி, என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

அறுந்த பிரிட்ஜ் பிக்கப் கடையில் இருக்கிறது. களிம்புச் சுற்றையெல்லாம் உருவிவிட்டு வெறும் பாபினாக்கி வைத்திருக்கிறேன். 42 கேஜ் கம்பி கிடைத்துவிட்டது. மோட்டாருக்குச் சுற்றுகிற இழுப்பில் இதைச் சுற்றினால் நூறு சுற்றுக்குள் அறுகிறது. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். விரல்களுக்கு நடுவே வெல்வெட் துணி வைத்துக் கம்பியை வழியவிட்டுப் பார்க்கிறேன். நேற்று கவுண்டரில் 3,140 வரை வந்தது.